புண்ணின் நீரில் சோதியுங்கள்

வளர்ச்சிக் காரணிப் புரதங்களின் ஆயுளை நீட்டிக்கும் ஆராய்ச்சியில் இறங்கியிருக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்பர்களே,

உயிர்த் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகள் நம் நாட்டில் பல்கிப் பெருகிவிட்ட இந்நாளில், ஆண்டுதோறும் உங்களில் சிலராவது, காயம் ஆறுவதற்குத் துணைபுரியும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, அவற்றின் அமினோ அமிலங்களில் ஒன்றிரண்டை மாற்றி, இயற்கை அவற்றுக்கு விதித்த சொற்ப நேரத்தைத் தாண்டி நெடுநேரம் சிதையாமல் நிலைத்திருக்கும்படி செய்ய முயல்கிறீர்கள் என்பதைக் கேள்வியுற்று மகிழ்கிறவர்களுள் நானும் ஒருவன். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைச் சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்களோடு கழித்தவன் என்ற ஒரே உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். புரதத்தை வடிவமைக்கும் வித்தையில் உங்களுக்குச் சொல்லித்தரும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் அந்தப் புரதம் கடைசியில் எந்த இடத்திற்குப் போய்ச் சேரவேண்டுமோ, அந்த இடத்தை உங்களில் அநேகர் கண்ணால் கண்டதில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, சும்மா இருப்பது தகாது என்று தோன்றிற்று.

எந்தப் பெரிய மருத்துவமனையிலேனும் காலையில் கட்டு மாற்றும் அறையில் ஓர் ஓரமாக நின்று பாருங்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் மேஜைமேல் காலை நீட்டிக்கொண்டு, தம்முடைய பாதத்தில் நடக்கும் காரியத்திற்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாதவர்போலத் தினசரிப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருப்பார். நரம்பு மரத்துப்போன பாதமாகையால் அவருக்கு வலி தெரிவதில்லை. நர்ஸ் கட்டை அவிழ்த்துத் துணியை எடுக்கும்போது, பெருவிரலின் அடிப்பந்தில், சுற்றிலும் வெளுத்துத் தடித்த காய்ப்பு வரம்பு கட்டியிருக்க, நடுவில் எட்டணாக் காசு அளவில் ஒரு குழி தெரியும். குழியின் தரையில் ஆறுகின்ற புண்ணுக்குரிய சிவந்த சதைமணிகள் இரா. மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான ஒரு படலம் ஒட்டிக்கிடக்கும். வைத்தியர் முனை மழுங்கிய எஃகுக் கம்பியை உள்ளே விட்டால், அது அங்குலக் கணக்கில் இறங்கி எலும்பில் போய் ‘டக்’கென்று தட்டுவதும் உண்டு, அப்படித் தட்டிவிட்டால் வியாதி எலும்பிலும் பரவியிருக்கிறது என்று அநேகமாகத் தீர்மானித்துவிடலாம். புண் வந்து ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். இத்தனைக்கும் நடுவில், எல்லோரும் பார்த்தும் ஒருவரும் கவனியாமல் குப்பைத் தொட்டியில் போடப்படுகின்ற ஒரு பொருள் உண்டு. அவிழ்த்தெடுத்த அந்தத் துணியில் பழுப்பு நிறமாக ஊறியிருக்கும் நீர்தான் அது. அந்த நீரைப் பற்றியே நான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வளர்ச்சிக் காரணிகளின் கதை உங்களுக்குப் பாடமாகத் தெரிந்ததே. ரீட்டா லெவி மொண்டல்சீனி அம்மையாரோடு நரம்பு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்டான்லி கோஹன், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாரத்தைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசி வழியே செலுத்தியபோது, அவை உரிய காலத்திற்குப் பல நாள் முன்னதாகவே கண் திறந்ததையும் பல் முளைத்ததையும் கண்டு, இது வேறு ஏதோ ஒரு வஸ்துவின் காரியம் என்று ஊகித்து, 1962-இல் அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். 53 அமினோ அமிலங்களே கொண்ட அந்தச் சிறு புரதம் மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று பெயர் பெற்றது. இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் இரத்தத் தட்டணுக்களிலிருந்து ஒன்றும், பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஒன்றுமாகப் பல காரணிகள் வெளிப்பட்டுவிட்டன. வெட்டுப்பட்ட இடத்தில் இரத்தம் உறைந்த மாத்திரத்தில் தட்டணுக்கள் தங்கள் காரணியை வெளியிடுவதும், அதன் அழைப்பைக் கேட்டு நார்த்திசுச் செல்கள் வந்து குடியேறுவதும், பிறகு புதிய இரத்தக் குழாய்கள் அரும்புவதும், கடைசியில் மேல்தோல் விளிம்பிலிருந்து ஊர்ந்து வந்து மூடுவதும் ஆகிய அத்தனையும் இந்தப் புரதங்களின் ஆக்ஞைப்படியே நடக்கின்றன என்று தெரிந்தபோது, ஆறாத புண் என்ற ஒன்றே இனி உலகத்தில் இராது என்று நம்பியவர்கள் பலர்.

நடந்தது என்ன? தட்டணுக் காரணியை ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்து, கிராமுக்கு 100 மைக்ரோகிராம் வீதம் கலந்து செய்த பெகாப்ளெர்மின் என்னும் களிம்புக்கு 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் 382 பேரைக் கொண்டு நடத்தி 1998-இல் வெளியிட்ட பரிசோதனையில், இந்தக் களிம்பைத் தடவியவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு 20 வாரத்தில் புண் முற்றிலும் மூடியது. மருந்தில்லாத வெறும் களிம்பைத் தடவியவர்களிலும் நூற்றுக்கு 35 பேருக்கு மூடிவிட்டது. ஆக, இத்தனை பிரயாசையும் சேர்ந்து நூற்றுக்குப் பதினைந்து பேரைக் கூடுதலாகக் கரையேற்றின. அதை அற்பம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பதினைந்து பேரில் ஒருவராக இருப்பவருக்கு அது அற்பமன்று. ஆயினும், செல்களை வளர்க்கும் கிண்ணத்தில் அற்புதங்கள் செய்து காட்டிய ஒரு புரதம், மனிதனுடைய பாதத்தில் வந்து இவ்வளவோடு நின்றுவிட்டதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி உங்களை உறுத்தவேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடையின் பெரும்பகுதி துணியில் ஊறிய நீரில் இருக்கிறது. ஆரோக்கியமான சரீரத்தில் காயம் பட்டால், வெள்ளணுக்கள் வந்து எலாஸ்டேஸ் முதலிய புரதம் அறுக்கும் நொதிகளைக் கக்கி, செத்த சதையையும் கிருமியையும் அரித்து அகற்றுகின்றன. மெட்டலோபுரோட்டியேஸ் என்ற வேறொரு கூட்டத்து நொதிகள், செல்கள் நகர்வதற்கு வழி உண்டாக்குகின்றன. சில நாளில் அவற்றின் வேலை முடிந்து அளவு தணிய, கட்டுமானம் தொடங்குகிறது. நாட்பட்ட புண்ணிலோ இந்தத் தணிவு நேர்வதே இல்லை. கிருமிகளின் படலம் ஒரு பக்கம், இரத்த ஓட்டக் குறைவு ஒரு பக்கம், காலடியின் ஓயாத அழுத்தம் ஒரு பக்கமாக வெள்ளணுக்களை வரவழைத்துக்கொண்டே இருக்கின்றன. அவை கக்கும் நொதிகள் புதிய அறுவைக் காயத்தின் நீரில் இருப்பதைப் போலப் பல மடங்கு பெருகி நிற்கின்றன. போதாக்குறைக்கு, அந்த நொதிகளை அடக்குவதற்கென்று இயற்கை வைத்திருக்கும் தடுப்புப் புரதங்களையும் அவையே தின்றுவிடுகின்றன. புதிய காயத்தின் நீரைச் செல்களின்மேல் விட்டால் அவை செழித்துப் பெருகுவதையும், நாட்பட்ட புண்ணின் நீரை விட்டால் அவை பெருகாமல் முடங்குவதையும் பரிசோதனையிலேயே கண்டிருக்கிறார்கள். இந்த நீரில் நீங்கள் ஒரு வளர்ச்சிக் காரணியைக் கொண்டுபோய் விடுவது, வேலி பிரிந்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும் கொல்லையில் நாற்றை நட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவதற்கு ஒப்பாகும்.

புரதத்தை உறுதிப்படுத்தும் உங்கள் வித்தை இந்த இடத்தில்தான் பிரவேசிக்கிறது. அதன் சாதனைகளை நான் குறைத்து மதிப்பவன் அல்லேன். இன்சுலினின் ஒரு சங்கிலி முடிவில் இரண்டு ஆர்ஜினினைக் கூட்டி, மற்றச் சங்கிலியில் ஓர் அஸ்பராஜினைக் கிளைசினாக்கியதால், 2000-ஆம் ஆண்டிலிருந்து நாளுக்கு ஒரே தடவை போட்டுக்கொள்ளும் கிளார்ஜின் ஊசி நோயாளிகளின் கைக்கு வந்ததை நான் என் வார்டிலேயே கண்டு அனுபவித்தவன். வளர்ச்சிக் காரணிகளிலும் இம்முயற்சி நேற்று இன்று தொடங்கியதன்று. நார்த்திசு வளர்ச்சிக் காரணிகளில் இரண்டாவது என்று எண்ணப்படுவதன் மேற்புறத்தில் தனித்து நிற்கும் சிஸ்டைன்களைச் செரினாக மாற்றி, அது தன்னினத்தோடு கோத்துக்கொண்டு கெட்டுப்போவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1988-லேயே தடுத்துக் காட்டினார்கள். வாய்ப்புண்ணுக்காக 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாலிஃபெர்மின் என்ற மருந்து, மேல்தோல் செல்களை வளர்க்கும் ஒரு காரணியின் தலைமாட்டிலிருந்து 23 அமினோ அமிலங்களை வெட்டியெறிந்து உறுதியாக்கப்பட்டது. சேர்ப்பதனால் மட்டுமன்றிக் கழிப்பதனாலும் ஆயுள் கூடும் என்பதற்கு அது ஒரு நிரூபணம். எல்லாவற்றுக்கும் மேலாக, செக் நாட்டு பிர்னோ நகரத்தில் உள்ள மசாரிக் பல்கலைக்கழகத்தார், கணினியின் துணையால் ஒன்பது மாற்றங்களைத் தேர்ந்து அந்த இரண்டாவது நார்த்திசுக் காரணியில் புகுத்தி, அது உருக்குலையும் வெப்பநிலையை 19 டிகிரி உயர்த்தினார்கள்; உடல் வெப்பமாகிய 37 டிகிரியில் சுமார் 10 மணி நேரத்தில் தன் சக்தியில் பாதியை இழந்துவந்த புரதம், 20 நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. 2018-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையைப் படித்தபோது, சிற்பி ஒருவன் கல்லிலே செய்வதை இவர்கள் அணுக்களிலே செய்கிறார்களே என்ற பிரமிப்பு எனக்கு உண்டாயிற்று என்பதை மறைக்கவில்லை.

ஆனால் பிர்னோ நகரத்துப் புரதம் பெரும்பாலும் எங்கே உபயோகமாகிறது என்று பாருங்கள். ஸ்டெம் செல்களை வளர்ப்போரின் கிண்ணங்களில். அங்கே எதிரி வெப்பம் ஒன்றுதான். வெள்ளணு இல்லை, சீழ் இல்லை, எலாஸ்டேஸ் இல்லை. குலையாமல் இறுகி மடிந்திருக்கும் புரதத்தை நொதிகள் எளிதில் அறுக்கமாட்டா என்பதும், தளர்ந்து அவிழும் இடத்தையே அவை முதலில் பற்றுகின்றன என்பதும் மெய்யாகையால், வெப்பத்தைத் தாங்கும் புரதம் நொதியையும் ஓரளவு தாங்கும். ஆயினும் ‘ஓரளவு’ என்பதைத் தாண்டி எதுவும் சொல்ல இயலாது. உறுதியான புரதத்திலும் மேற்புறத்தில் தொங்கும் ஒரு கண்ணியை ஒரு குறிப்பிட்ட நொதி ஒரே கடியில் துண்டித்துவிடலாம். அமெரிக்காவின் ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்தார் முதலாவது நார்த்திசுக் காரணியில் 136-ஆம் இடத்து ஆர்ஜினினைத் திராம்பின் என்ற நொதி அறுப்பதை உணர்ந்து, அதைக் குளூட்டாமிக் அமிலமாக மாற்றி அந்த வெட்டைத் தவிர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம், ஆனால் திராம்பின் இரத்தம் உறையும் நேரத்தின் நொதி. ஆறு மாதம் ஆறாத புண்ணில் ஆட்சி செலுத்துபவை வேறு.

ஆகையால்தான், இத்துறையில் யாரைப் பின்பற்றவேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஆய்வாளர்களைச் சுட்டுவேன். அவர்கள் கணினியிலிருந்து தொடங்கவில்லை. நோயாளியின் காலிலிருந்து தொடங்கினார்கள். ஆறாத கால் புண்களின் நீரைச் சேகரித்து, இரத்தக் குழாய்களை அரும்பச்செய்யும் வளர்ச்சிக் காரணியை அதில் விட்டு, அது துண்டாவதை 2000-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்கள். அறுப்பது யார் என்று தேடி, பிளாஸ்மின் என்னும் நொதியைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அது கத்தி வைக்கும் இடம் 110, 111 என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கு நடுவில் என்று கண்டார்கள். பிறகுதான், அந்த ஓரிடத்தை மட்டும், 111-ஆவதாக இருந்த அலனினைப் புரோலினாக மாற்றி, மறுபடியும் அதே புண் நீரில் விட்டுப் பார்த்தார்கள், புரதம் தப்பியது. சர்க்கரை வியாதி கண்ட எலிகளின் காயத்திலும் அது நல்ல பலன் தந்ததை 2006-இல் வெளியிட்டார்கள். ஒன்பது மாற்றத்தின் கம்பீரம் இந்த ஒரு மாற்றத்துக்கு இல்லைதான். ஆனால் ஒரு கேள்வி எங்கிருந்து பிறக்கவேண்டும் என்பதை இந்த ஆய்வைப்போல் தெளிவாகச் சொல்லும் வேறொன்றை நான் கண்டதில்லை. நீங்களோ உங்கள் புரதத்தைச் சுத்தமான உப்புத் தாங்கல் கரைசலில் இட்டு, 37 டிகிரியில் வைத்து, மணிக்கு மணி எடுத்துப் பார்த்து, இத்தனை மடங்கு ஆயுள் கூடியது என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறீர்கள். அந்த ஆயுள் எவருடைய பாதத்திலும் செல்லுபடியாகும் ஆயுள் ஆகாது. கிண்ணத்தில் 20 நாள் வாழ்ந்த புரதம் புண்ணில் 20 நிமிஷம் வாழ்ந்தால் நோயாளிக்கு என்ன லாபம்?

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். வளர்ச்சிக் காரணி சாவது புண் நீரில் மட்டுமன்று. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியைப் பற்றிய பிறகு, செல் அதை ஏற்பியோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு ஜீரணித்துவிடுகிறது; ஆக்ஞையைக் கேட்ட மாத்திரத்தில் தூதனைக் கொன்றுவிடும் அரசாட்சி அது. ஏற்பியை இன்னும் இறுகப் பற்றும் காரணியைச் செய்தால் பலன் கூடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1996-இல் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டினார்கள்: மேல்தோல் வளர்ச்சிக் காரணியில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, அதன் பிடிப்பைத் தளர்த்தியபோது, செல்களால் அது விரைவில் விழுங்கப்பட்டுத் தீர்ந்துபோகாமல் வெளியே எஞ்சி நின்று, முன்னைவிட அதிகமாகவே செல்களைப் பெருகச் செய்தது. ஆயுள் என்பது புரதத்தின் உறுதியில் மட்டும் அடங்கியதன்று, அது யாரோடு எவ்வளவு பழகுகிறது என்பதிலும் அடங்கியிருக்கிறது என்ற இந்த விசித்திரத்தை, உறுதிப்படுத்தும் ஆர்வத்தில் உங்களில் பலர் மறந்துவிடுகிறீர்கள்.

இனி, சொல்லுவதற்குச் சற்றே கடினமான பகுதிக்கு வருகிறேன். இயற்கை இந்தப் புரதங்களை அற்பாயுளாகச் சிருஷ்டித்தது கவனக்குறைவினால் அன்று என்பது என் திடமான அபிப்பிராயம். வளர்க என்று சொல்லும் குரல் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தால் விளைவது என்ன என்பதை வைத்திய சாஸ்திரம் கசப்பாக அறிந்திருக்கிறது. குரங்குகளில் சார்கோமா என்னும் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸின் ஜீனை 1983-இல் படித்துப் பார்த்தபோது, அது நம் தட்டணு வளர்ச்சிக் காரணியின் ஒரு சங்கிலியே என்று வெளிப்பட்டு உலகத்தைத் திடுக்கிட வைத்தது. ஆற்றுவதும் அழிப்பதும் ஒரே புரதம். புற்றுக்கட்டிகள் ஆறாத புண்களே என்று ஹெரால்ட் டுவோராக் 1986-இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுவது இக்காரணம் பற்றியே. பெகாப்ளெர்மின் களிம்பை மூன்று குழாயோ அதற்கு மேலோ உபயோகித்தவர்களிடையே புற்றுநோய் மரணம் அதிகமாயிருக்கலாம் என்று 2008-இல் அதன் உறையின்மேல் கறுப்புக் கட்டமிட்டு எச்சரித்ததும், மேலும் ஆராய்ந்தபின் 2018-இல் அந்தக் கட்டம் நீக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயம் தெளிந்தது, மெய்தான். ஆனால் அந்தத் தெளிவு, தடவி 12 மணி நேரத்தில் உப்புநீரால் கழுவிவிடப்படும் சாதாரண அற்பாயுள் புரதத்துக்குக் கிடைத்த தெளிவு. நீங்கள் செய்யும் தீர்க்காயுள் புரதத்துக்கு அதைக் கடனாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் நீடித்த ஆயுளே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் புண்ணின் எல்லைக்குள் வேண்டும். சுவிட்ஸர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வாளர்கள் 2014-இல் காட்டிய மார்க்கம் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் உவப்பானது. நஞ்சுக்கொடியில் காணும் ஒரு வளர்ச்சிக் காரணியில், செல்களைச் சூழ்ந்த நார்வலையை அசாதாரணமாகப் பற்றிக்கொள்ளும் ஒரு சிறு துண்டு இருப்பதைக் கண்டு, அத்துண்டை வேறு காரணிகளின் வாலில் ஒட்டவைத்தார்கள். அப்படி ஒட்டப்பட்ட காரணி விட்ட இடத்திலேயே தங்கியது. சொற்ப அளவிலேயே சர்க்கரை வியாதி எலிகளின் காயத்தை ஆற்றியது. இரத்தக் குழாய்களைக் கசியச்செய்யும் தொல்லையும் குறைந்தது. உண்மையில் இது இயற்கையின் வழக்கத்தையே நன்கு படித்துப் பின்பற்றியதாகும். நார்த்திசுக் காரணிகள் நம் உடம்பில் ஹெப்பாரினுக்கு உறவான சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு, வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் நொதிக்கும் தப்பி, வேண்டும்போது அவிழ்ந்து வருவதற்காகக் காத்திருக்கின்றன. கியூபாக்காரர்கள் 2006-இலிருந்து மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் களிம்பாகத் தடவாமல் புண்ணின் அடித்தளத்திலும் விளிம்பிலும் ஊசியால் இறக்குவதும், மேலே தேங்கிய நீரின் கையில் அதை ஒப்புவிக்க விரும்பாததனாலேயே. புரதத்தில் ஒன்றையும் மாற்றாமல், கொண்டுசேர்க்கும் வழியை மாற்றிய சாமர்த்தியம் அது.

புரதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு வார்த்தை. பெகாப்ளெர்மின் களிம்பின் ஆரம்பப் பரிசோதனை ஒன்றிலேயே, செத்த சதையை அடிக்கடி வெட்டிச் சுத்தம் செய்த மருத்துவமனைகளில் புண்கள் அதிகமாக ஆறின என்பதும், மருந்து தடவியவருக்கும் தடவாதவருக்கும் அது பொருந்தியது என்பதும் 1996-இல் வெளியாயின. கத்தியெடுத்துச் சுத்தம் செய்வது நொதிக் கூட்டத்தையும் கிருமிப் படலத்தையும் ஒருசேரக் குறைக்கிறதல்லவா? அதைப்போலவே, காலடியின் அழுத்தத்தை நீக்காமல் எந்தப் புரதமும் பிழைக்காது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூருக்கு மருத்துவராகத் திரும்பிவந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களில் கண்ட புண்களுக்குக் காரணம் நோயின் விஷம் அன்று, வலி தெரியாமல் அதன்மேலேயே நடப்பதுதான் என்று ஊரறியச் சொன்னார். பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டும் மெத்தென்ற ரப்பர் செருப்புமே அவருடைய பிரதான ஔஷதங்கள். அத்தகைய மாவுக்கட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 89.5 பேருக்கு 12 வாரத்தில் உள்ளங்கால் புண் ஆறியதை 2001-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் பரிசோதனை காட்டிற்று. நோயாளிகளின் தன்மை வேறுபடுவதால், இந்த எண்ணைக் களிம்பின் ஐம்பதோடு நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமாகாது. இருந்தாலும், நீங்கள் விலங்குகளில் செய்யும் சோதனையில் எலி தன் காயத்தின்மேல் நடப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதன் காயம் முதுகில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் தோல் சுருங்கியே மூடிவிடுகிறது.

நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை வியாதியோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தெரிவித்தது. இவ்வியாதி உடையவர்களில் நூற்றுக்கு 19 முதல் 34 பேர் வரை ஆயுளில் ஒருதரமேனும் கால் புண்ணுக்கு ஆளாவார்கள் என்பது உலகளாவிய கணக்கு. அவர்களுள் பெரும்பாலோருக்கு வளர்ச்சிக் காரணிக் களிம்பு எட்டாக் கனியாயிருப்பதற்கு விலை ஒரு காரணம் என்றால், குளிர்சாதனப் பெட்டி மற்றொரு காரணம். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைத்துக் காக்கவேண்டிய குழாயை, சித்திரை வெயிலில் இரண்டு பஸ் மாறி ஊருக்குக் கொண்டுபோகும் ஒருவர், வீட்டில் பெட்டியும் இல்லாமல், இருந்தாலும் மின்சாரம் நிலையில்லாமல், என்ன செய்வார்? பிர்னோ நகரத்து மாதிரியான வெப்ப உறுதியின் மெய்யான பிரயோஜனம் நம் ஊரில் இதுவே என்று நான் கருதுகிறேன். புண்ணுக்குள் வாழும் ஆயுள் கொஞ்சமும் கூடாமல் போனாலும், 40 டிகிரி வெயிலில் அலமாரியில் ஒரு கோடை முழுவதும் கெடாமலிருக்கும் காரணி ஒன்றைச் செய்து தருகிறவர், ஆய்வேடுகளில் எவ்வளவு சிறிய இடம் பெற்றாலும், மதுரைக்கும் மன்னார்குடிக்கும் அப்பால் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரிய உபகாரியாவார். இதை ஒரு தாழ்ந்த லட்சியமாக உங்கள் வழிகாட்டிகள் நினைத்தால், அவர்களோடு மரியாதையாக வாதாடுங்கள்.

கடைசியாக நடைமுறைக்கு வருவோம். புண் நீரைச் சேகரிப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் முறை உண்டு. முதலில் உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடமும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடமும் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். பிறகு நோயாளியிடம், அவருடைய பாஷையில், குப்பைக்குப் போகும் நீர்தானே என்று அலட்சியம் காட்டாமல், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை விளக்கிக் கையெழுத்து வாங்குங்கள். புண்ணைக் கழுவுவதற்கு முன்னாலேயே நீரை எடுக்கவேண்டும். கழுவிய பின் எடுத்தால் சலைனைத்தான் அளப்பீர்கள். ஒருவருடைய நீரை மற்றொருவருடைய நீரோடு கலந்து சராசரி காணாதீர்கள். பிளாஸ்மின் மிகுந்த புண் ஒன்று, எலாஸ்டேஸ் மிகுந்த புண் ஒன்று என்று அவை தனித்தனி ஜாதி. புண்ணின் வயது, கடைசியாகச் சதை வெட்டிய தேதி, போட்டிருக்கும் ஆன்டிபயாடிக் ஆகியவற்றை நர்ஸிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் சீட்டில் இல்லாத விஷயங்கள் அவர்களுக்கே தெரியும். எடுத்ததை உடனே ஐஸில் புதைத்து, தாமதமின்றி மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் சேர்த்துவிடுங்கள்; வழியில் தாமதித்தால் நொதிகள் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். கட்டு மாற்றும் வேலை பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் பத்து மணிக்குள் முடிந்துபோவதால், எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஐஸ் பெட்டியை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், வார்டில் கேட்டால் கிடைக்காது.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும்
ஓய்வுபெற்ற ரண வைத்தியன்